விசிறி எங்கே இருக்க வேண்டும்?

குற்றாலத்துச் சாரல் காலத்தில் பண்பொழிக்குப் போய்த் திருமலைக் குமரன் கோவில் படிகளில் ஏறியவர்கள், செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். அங்கவஸ்திரத்தைக் காப்பாற்றுவதா, குடையைக் காப்பாற்றுவதா என்ற தர்ம சங்கடம்! அதே காற்று கிழக்கே சுரண்டைப் பக்கம் சென்று காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. மின்சார ட்ரோனில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே மின்சாரம் விசிறியைச் சுழற்றுகிறது. விசிறி காற்றை உண்டாக்குகிறது. அந்தக் காற்று இறக்கையில் எங்கே படுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

விசிறியை இறக்கைக்கு முன்னால் வைத்தால், அதன் பின்னுள்ள பகுதி அதிக வேகமான காற்றைப் பெறும். வேகம் இரட்டித்தால் தூக்கும் சக்தி நான்கு மடங்காகும் என்பது விமான சாஸ்திரத்தின் பால பாடம். ஆகவே மெதுவாகச் செல்லும்போதும் விமானம் தாங்கப்படும். ஆனால் விசிறிக் காற்று நேராக வருவதில்லை, முறுக்கிக்கொண்டு வருகிறது. விசிறியின் ஒரு பக்கம் இறக்கையை மேல்நோக்கித் தாக்கும். மறு பக்கம் கீழ்நோக்கித் தாக்கும். உராய்வும் கூடும். இதற்கெல்லாம் விலை கொடுப்பது பாட்டரிதான்.

பின்னால் வைத்தால் இறக்கைக்குக் கலங்காத காற்று கிடைக்கும். முன்னே காமிராவின் பார்வையையும் எதுவும் மறைக்காது. ஓசூருக்கு அருகே 2010 இல் பறந்த நம் நாட்டு ஆளில்லா விமானம் ‘ருஸ்தம்-1’ இவ்வகையைச் சேர்ந்தது. பெங்களூர் விமான நிபுணர் ருஸ்தம் தமானியாவின் பெயர் தாங்கிய அது, பெட்ரோல் யந்திரத்தால் ஓடியது. இம்முறையிலும் குறை உண்டு. இறக்கை கலைத்துவிட்ட காற்றை ஒவ்வொரு சுற்றிலும் விசிறி வெட்ட வேண்டியிருப்பதால் இரைச்சலும் அதிர்ச்சியும் ஏற்படும்.

மூன்றாவது இடம் இறக்கையின் நுனி. கீழேயுள்ள அழுத்தமான காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறிச் சுழலாகிறது. சக்தி அதில் வீணாகிறது. அச்சுழலுக்கு எதிராக விசிறியைச் சுழற்றினால் இழப்பில் ஒரு பகுதி மீளும். ஆனால் நுனியில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்!

அமெரிக்க நாஸாவின் எக்ஸ்-57 விமானத்துக்கு இறக்கை முன் விளிம்பில் 12 விசிறிகளும் நுனிகளில் 2 விசிறிகளும் வகுத்தார்கள். கனமான பெட்ரோல் யந்திரத்தால் முடியாத இந்த ஆடம்பரம், சிறிய மின்சார மோட்டாரால் சாத்தியமாயிற்று. எனினும் 2023 இல், ஒரு முறையேனும் பறக்காமலே அம்முயற்சி கைவிடப்பட்டது.

நமக்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் 1949 இல் ஸ்ரீ சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி.யின் மாணவர்கள் ட்ரோன்களைக் கட்டிப் பறக்கவிட்டு வருகிறார்கள். ஒரே இறக்கையில் மோட்டாரை இடம் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே தூரம் பறக்கவிட்டு, பாட்டரியில் மிஞ்சியதை அளந்தால் போதும். எந்த இடம் சிக்கனமானது என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சிறிய இறக்கையில் கண்ட கணக்கு பெரிய விமானத்துக்கு அப்படியே பொருந்தாது.