நியூட்டனுக்குப் பண்ணை வீடு இருந்தது

ஊரடங்கு நாட்களில் வாட்ஸ்ஆப்பில் ஓயாமல் சுற்றிய அறிவுரை நியூட்டனைப் பற்றியது. 1665-இல் கொள்ளைநோய் பரவி கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது, அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்த அந்த இளைஞர் ஊருக்குப் போய் நுண்கணிதம், ஒளியியல், ஈர்ப்பு விசை என்று வெளுத்து வாங்கிவிட்டாராம். ‘நீ என்ன கிழித்தாய்?’ என்பதுதான் அதற்குள் ஒளிந்திருந்த கேள்வி. கேட்டது கல்லூரிப் பிள்ளைகளை. அனுப்பியதில் பாதிப் பேர் எங்கள் வாத்தியார் கூட்டம். நியூட்டன் போய்ச் சேர்ந்தது வூல்ஸ்தார்ப்பில் இருந்த குடும்பப் பண்ணை வீட்டுக்கு என்பதை மட்டும் யாரும் சேர்த்து அனுப்பவில்லை.

நம் பிள்ளைகள் எங்கே போனார்கள்? 2020 மார்ச் நடுவில் தமிழகத்தில் கல்லூரிகள் மூடப்பட்டன. இரண்டு வாரம்தானே என்று ஒரு தோள்பையோடு விடுதியை விட்டுக் கிளம்பியவர்கள் பலர். இறுதியாண்டுக்காரர்களுக்கு டிசம்பரில் கதவு திறந்தது, மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8-இல். அடுத்த மாதமே மறுபடி பூட்டு. செப்டம்பர் 1-இல்தான் மீண்டும் வகுப்பறை.

திண்டுக்கல் பக்கம் நான் தமிழ்ப் பாடம் நடத்தும் பிள்ளைகளில் பலருக்கு வீடு என்றால் ஒரு அறையும் சமையற்கட்டும்தான். மைக்கைத் திறந்தால் குக்கர் விசில் கேட்கும். ‘பிரசென்ட் சார்’ என்று தட்டிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சூளையில் கல் அடுக்கியவன் உண்டு. பாடம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது என்று பிறகு சத்தியம் செய்தான், நம்பினேன். பெண் பிள்ளைகள் நிலைமை வேறு. வீட்டில் ஒரே போன் என்றால் அது முதலில் அண்ணனுக்கு, பிறகு தம்பிக்கு. பாத்திரம் கழுவி முடித்து, இரவு பத்துக்கு மேல் சார்ஜ் மிச்சமிருந்தால் அவளுக்கு.

அந்தப் பத்து மணிக்கு மேல்தான் படித்திருக்கிறார்கள். நூலகங்கள் 2020 செப்டம்பர் வரை பூட்டிக்கிடந்தன. கைகொடுத்தது பிடிஎஃப். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனதால் ‘பொன்னியின் செல்வன்’ இணையத்தில் காசில்லாமல் கிடைத்தது. கீறல் விழுந்த திரையில், ஒரு பக்கத்தை நாலு முறை தள்ளித் தள்ளி, ஐந்து பாகத்தையும் முடித்தவள் எங்கள் வகுப்பில் இருந்தாள். கண் வலித்தவர்கள் யூடியூபில் ஒலிநூலாகக் கேட்டார்கள். கேட்பதெல்லாம் வாசிப்பா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஊர்த் திண்ணையில் ஒருவர் பாரதம் வாசிக்க ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்ட மண்ணில் இது என்ன கேள்வி?

எழுதினார்களா? எழுதினார்கள். ‘கண்ணுக்குத் தெரியாத கிருமியே’ என்று தொடங்கும் கவிதைகள் குவிந்தன. இணையவழிப் போட்டி வைத்து, பங்கேற்ற அத்தனை பேருக்கும் மின்சான்றிதழ் அனுப்பினோம். அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நினைவில் நிற்பது வேறு. அன்றைக்குப் பார்த்த ஒன்றை மட்டும் மூன்று வரியில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வேன் ஓட்டுநரின் மகள் ஒருத்தி ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினாள். சவாரி இல்லாமல் வாசலில் நிற்கும் வேனை அப்பா தினமும் காலையில் கழுவுகிறார். எங்கும் போகாத வண்டியில் என்ன அழுக்கு என்று அம்மா கேட்பதில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு கொடுக்கிறாள். அவ்வளவுதான். கிருமி என்ற சொல்லே அதில் இல்லை.

இந்தத் தலைமுறைக்கு நாம் சூட்டிய பட்டம் ‘கொரோனா பேட்ச்’. 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்களெல்லாம் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும் முதல்வருக்கு நன்றி சொல்லிப் போஸ்டர் ஒட்டினார்கள் சிலர். அதை வைத்து எல்லோரையும் எடை போட்டுவிட்டோம். சூளையில் நின்றவனையும் சேர்த்துத்தான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 ஜனவரியில் 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது. நல்ல காரியம், தாமதமாக வந்தது. ஆனால் டேட்டா தர முடிந்த நம்மால் உட்கார இடம் தர முடியவில்லை. கொரோனாவுக்கு முன்பும் அந்த இடம் இல்லை, இன்றும் இல்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நூலகத்துக்குள் சொந்தப் புத்தகமா என்று வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். அங்கே வருகிறவர்களுக்கு வேண்டியது மேசையும் விளக்கும் அமைதியும்.

ஊர்ப்புற நூலகங்களில் அப்படி நாலு மேசை போடலாம். கல்லூரி நூலகத்தை மாலை நாலரைக்குப் பூட்டாமல் எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். பெண் பிள்ளைகள் வீடு திரும்ப அந்த நேரத்துக்கு ஒரு பேருந்தும் விடலாம். கல்லூரி முதல்வர்களும் நிர்வாகக் குழுவினரும் அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.