உங்களுக்குத் தெரியுமா? வெந்நீர் சுட 5 விநாடி போதும்!

மதுரை மொட்டை மாடிகளில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரில், வெயில் காலத்தில் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூடு 5 விநாடி பட்டாலே பெரியவர்களின் தோல் வெந்துவிடும்; குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடம் பிடிக்கும்.

■ 60 டிகிரி வெந்நீர் 1 பங்கு, 30 டிகிரி பச்சைத்தண்ணீர் 2 பங்கு கலந்தால் இதமான 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே 40 டிகிரிக்குக் காய்ந்திருந்தால், அதே கலவை ஏறக்குறைய 47!

■ வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகே வெந்நீர்.

■ சூட்டுக்குப் பயந்து கீசரை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். கீசரில் 60 இருக்கட்டும். குழாயில் குறைத்துத் தர தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு உண்டு.