களரா, உவரா? செயற்கைக்கோள் பாதிதான் சொல்லும்

கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் தேனி மாவட்டத்துப் பழனிசெட்டிபட்டியைத் தேடினால், முல்லைப்பெரியாற்றை ஒட்டிய வயலும் தென்னந்தோப்பும் பச்சையாகத் துலங்கும். பாசனம் எட்டாத பக்கம் நகர்ந்தால் வெளிறிய திட்டுகள். அவற்றில் எது உப்பு, எது மணல், எது வெறும் தரிசு? உப்பு நிலங்களை வரைபடமாக்குவோரை இன்றும் திணறடிக்கும் கேள்வி இதுதான்.

இந்தியாவின் உப்பு நிலங்களுக்கான வரைபடக் கணக்கு 1980-களின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து எடுக்கப்பட்டது. கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து எட்டிய எண், சுமார் 67 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் பங்கு 3.68 லட்சம். அதில் ஏறக்குறைய 3.55 லட்சம் ஹெக்டேர் களர். உவர் மிகக் குறைவு.

நமக்கு இந்தக் களர்-உவர் வேறுபாடுதான் முக்கியம். உவர் நிலத்தில் கரையும் உப்பு வெயிலில் மேலேறி வெள்ளையாகப் பூக்கும். பளிச்சென்று ஒளியைத் திருப்பி அனுப்பும். வானிலிருந்து பிடித்துவிடலாம். களர் அப்படியல்ல. சோடியம் களித்துகள்களைப் பிரித்து மண்ணை இறுக்கிவிடுகிறது. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டுகிறது, தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. மேலே வெண்மை தெரியவேண்டிய கட்டாயமில்லை. அப்போது பயிரின் சோர்வை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத பயிரும் நோய்ப்பட்ட பயிரும்கூட அப்படித்தானே சோர்ந்திருக்கும்!

அந்த 1980-களின் கணக்குக்கான வரைபடங்களின் அளவுவிகிதம் 1:2,50,000. வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் இரண்டரை கிலோமீட்டர். ஒரு விவசாயியின் அரை ஏக்கர் அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) நிலத்தில் சுமார் 22 சென்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் அது இரண்டரை சென்ட்டாகச் சுருங்கிவிட்டது. ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப் படம், அதுவும் இலவசம். ஒரு வயலுக்குள் எந்த மூலை ஆண்டுதோறும் விளைய மறுக்கிறது என்பதைக் கோடைக்குக் கோடை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஆனால் வைத்தியத்தைப் படம் சொல்லாது. உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். களருக்கு முதலில் ஜிப்சம் போட வேண்டும். அதன் கால்சியம் சோடியத்தை விலக்கிய பிறகே தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பணமும் போகும், ஒரு போகமும் போகும். போர்வெல் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்திருந்தால் திருத்திய நிலமும் திரும்பக் களராகும். எனவே தண்ணீரையும் சோதிக்க வேண்டும்.

படம் சந்தேகம் காட்டிய இடத்தில் வரப்பையும் எருக்குழியையும் மரநிழலையும் தவிர்த்து, ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி மண் எடுங்கள். பக்கத்திலேயே நன்றாக விளையும் இடத்து மண்ணைத் தனிப் பையில் போடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் சராசரி எந்த இடத்துக்கும் உதவாது.