திண்ணையிலிருந்து புறப்படும் லாரி!

கத்திரி வெயில் கொளுத்துகிறது. பள்ளிக்கூடம் விடுமுறை. வாசலில் கால் வைக்க முடியவில்லை.

"அம்மா, பொழுதே போகலைம்மா!"

சேலம், நாமக்கல் சீமையில் கோடை நாளில் இந்தக் குரல் கேட்காத வீடு உண்டா? வேலை மும்முரத்தில் இருக்கும் தாய், செல்போனை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாள். பையன் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறான். தாய்க்கு நிம்மதி. பையனுக்கு?

தொப்பூர் கணவாய்

ராசிபுரம் பக்கத்தில் நான் பார்த்த ஒரு வீட்டில் வேறு விதமாக நடந்தது. வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடநாட்டுக்கு லோடு ஏற்றிப் போனால், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். சிணுங்கிய ஏழு வயது மகனிடம் தாய் ஒரு தாம்பாளத்தை நீட்டினாள்.

"இந்தா ஸ்டேரிங்கு. லாரி எங்க சாமி போகுது?"

அவ்வளவுதான்! திண்ணை லாரி ஆயிற்று. புளியங்கொட்டைகள் நாமக்கல் முட்டைகள் ஆயின. தங்கைதான் கிளீனர். சேலம் வந்தது, ஓமலூர் வந்தது, தொப்பூர் கணவாயும் வந்தது. "ஏத்தம்! கியரை மாத்து!" என்று கிளீனர் கத்தினாள். திண்ணைக் கோடியில் அப்பத்தாதான் செக்போஸ்ட். வெற்றிலை இடித்துக் கொடுத்தால்தான் வழி விடுவாராம்!

கிருஷ்ணகிரி தாண்டியதும் பையன் பிரேக் போட்டான்.

"எதுத்தாப்புல அப்பா லாரி வருது!"

இறங்கிப் போனான். காற்றில் கையை நீட்டி, அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு சொன்னான்: "தொப்பூர் எறக்கத்துல பாத்து வாங்கப்பா."

அடுப்படியில் தாயின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்துகள்! பையன் அந்தப் பயத்தை அதுவரை வாய் திறந்து சொன்னதே இல்லை. விளையாட்டு அதைச் சொல்ல வைத்தது.

குதிரை இல்லாத தேர்

இது நமக்குப் புதிதல்ல. சங்க நூலான பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். அந்தத் தேருக்குக் குதிரை கிடையாது என்று புலவர் குறிப்பாகச் சொல்கிறார். குதிரை எங்கே? பிள்ளையின் மனத்தில்!

ருஷ்ய மனோதத்துவ அறிஞர் விகோட்ஸ்கியும் 1933-ல் ஒரு சொற்பொழிவில் குச்சிக் குதிரையைத்தான் உதாரணம் காட்டினார். குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளை, கண் முன் இருப்பதைத் தாண்டி நினைக்கப் பழகுகிறது என்பது அவர் கருத்து.

இங்கிலாந்தில் 1826-ல் ஒரு பாதிரியார் தம் மகனுக்கு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அவருடைய நான்கு பிள்ளைகளும் அவற்றுக்குப் பெயர் சூட்டி, ஒரு கற்பனை நாட்டையே படைத்தார்கள். அவர்களில் ஒருத்திதான் பின்னாளில் 'ஜேன் அயர்' நாவலை எழுதிய சார்லட் பிராண்டி.

தாய்மார்களே!

நம் ஊர் நுங்கு வண்டியைப் பாருங்கள். நுங்கு நோண்டித் தின்ற பனங்காய் இரண்டு. நடுவே ஒரு குச்சி. தள்ளுவதற்கு ஒரு கவைக்கோல். இஞ்சின் பிள்ளையின் வாயில்! கடையில் வாங்கும் பொம்மைக் காரோ தானே உறுமுகிறது, தானே ஓடுகிறது. பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே, விளையாட்டுச் சாமானில் ஏதோ ஒன்று குறையட்டும். அந்தக் குறையைப் பிள்ளை நிரப்பட்டும். அட்டைப் பெட்டி, பழைய சேலை, முறம் போதும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு விலகிக்கொள்ளுங்கள். "தட்டு எங்கேயாவது ஸ்டேரிங் ஆகுமா?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிணறு, அடுப்பு, விசைத்தறி இவற்றின் பக்கம் லாரி போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

செக்போஸ்ட்டில் நிற்க உங்களைக் கூப்பிட்டால், பத்து நிமிஷம் போய் நில்லுங்கள். உங்கள் பிள்ளையின் லாரியில் என்ன லோடு இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்!