ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க, ப்ளீஸ்!

எங்க வீட்ல வருஷா வருஷம் பனி கொட்டும். நம்பலையா? சவுக்குக் கிளையை வாளி மணல்ல நட்டு, மெடிக்கல் ஷாப்ல வாங்கின பஞ்சை மெல்லிசா பிய்ச்சுப் பிய்ச்சு ஒட்டுறது என் டிபார்ட்மென்ட். டிசம்பர்னாலும் பாளையங்கோட்டையில ஃபேன் இல்லாம உட்கார முடியாதே! ஃபேனைப் போட்டா பனி பறந்து வந்து சாம்பார்ல விழும். அம்மா திட்டுவாங்க. அப்புறம் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வியர்வையோட உட்கார்ந்து ஸ்நோமேன் ஒட்டுவேன். இதுதான் இருபது வருஷமா எனக்குத் தெரிஞ்ச பனிக்காலம்.

உங்கள்ல பாதிப் பேருக்கும் இதே கதையாத்தான் இருக்கும். அதனாலதான் செமஸ்டர் லீவு வந்ததும் "மச்சான், மணாலி போலாமா?"ன்னு யாராவது ஆரம்பிக்கிறாங்க. எங்க கோயில் பாடகர் குழுவுலயும் அப்படித்தான் ஆரம்பிச்சது. கேரல் ரவுண்ட்ஸ் முடிஞ்சு ராத்திரி ஒரு மணிக்குச் சுக்குக் காபி குடிக்கும்போது ஒரு அண்ணன் சும்மா கொளுத்திப் போட்டாரு. ஒரே வாரத்துல அது நாலு குடும்பம், 19 பேர்னு வளர்ந்துடுச்சு.

எல்லாரையும் விட ஆர்வமா பேர் கொடுத்தது யார் தெரியுமா? 71 வயசு எங்க ஆச்சி! தமிழ்ல புல் மேல நிக்கிற துளிக்கும் பனி, மார்கழி மூட்டத்துக்கும் பனி, வானத்துல இருந்து கொட்டுற வெள்ளைக்கும் பனிதான். ஆனா ஆச்சி மட்டும் அதுக்குத் தனி வார்த்தை வச்சிருந்தாங்க. தமிழ் வேதாகமத்துல ஸ்நோவை 'உறைந்த மழை'ன்னு போட்டிருக்காங்க. சின்ன வயசுல இருந்து அதை வாசிச்சிருக்காங்க, பார்த்ததே இல்லை. "உறைஞ்ச மழைன்னா ஆலங்கட்டியாட்டீ?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க. நான் யூடியூப்ல காட்டினேன். "இது உன் பஞ்சு மாதிரில்லா இருக்கு"ன்னுட்டுப் போயிட்டாங்க.

புத்தாண்டு ஆராதனை முடிஞ்ச அதே வாரம் திருக்குறள் எக்ஸ்பிரஸ். ரெண்டு நாள் ரயில், புளியோதரை, சீட்டுக்கட்டு, நாலு குரல்ல பாட்டு. பாவம், பக்கத்து கம்பார்ட்மென்ட்! டெல்லி லஜ்பத் நகர்ல ஸ்வெட்டர் பேரம். அப்புறம் ராத்திரி முழுக்க பஸ். விடியும்போது கண்ணைத் திறந்தா பக்கத்துலேயே பியாஸ் ஆறு. 2023 ஜூலை வெள்ளத்துல இதே ஆறுதான் ரோட்டைத் துண்டு துண்டா அரிச்சுத் தின்னுதுன்னு டிரைவர் காட்டினாரு. அன்னைக்குப் பார்க்க ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடிக்கிட்டிருந்தது.

மணாலி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,050 மீட்டர். ஊர்க்குள்ள எங்க போனாலும் பனி கொட்டிக் கிடக்கும்னு நினைச்சுப் போனோம். பல்பு! கூரை ஓரத்துல கொஞ்சம் அழுக்குப் பனி, அவ்வளவுதான். இங்க குளிர்கால மழையும் பனியும் மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து கிளம்பி வர்ற மேற்கத்திய இடையூறுங்கிற காற்றுச் சுழற்சியை நம்பி இருக்கு. அது வந்தாத்தான் உண்டு. நாம வடகிழக்குப் பருவமழைக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி இவங்க இதுக்குப் பார்க்கிறாங்க.

அதனால சோலங் பள்ளத்தாக்கு. ஊர்ல இருந்து 13 கிலோமீட்டர் இருக்கும், இன்னும் உயரம். வழி நெடுக கோட்டும் கம் பூட்ஸும் வாடகைக்கு விடுற கடைகள். டிரைவர் தானா ஒரு கடை முன்னாடி நிறுத்துவாரு. 'கமிஷன்டா மச்சி'ன்னு நம்ம மூளை சொல்லும். எங்க குரூப் தம்பிங்க ரெண்டு பேர் அப்படிச் சொல்லித்தான் 250 ரூபாயை மிச்சம் பிடிச்சு ஜீன்ஸோட இறங்கினாங்க. அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் வண்டிக்குள்ள நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

காரணம் சிம்பிள். துணி நமக்குச் சூடு கொடுக்கிறதில்லை. துணிக்குள்ள மாட்டியிருக்கிற காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாம பிடிச்சு வைக்குது. பருத்தி தண்ணியைக் குடிச்சிடும். காற்று இருந்த இடத்துல எல்லாம் தண்ணி. அந்தத் தண்ணி நம்ம சூட்டை உறிஞ்சி உறிஞ்சி வெளியே தள்ளும். உள்ளே ஒரு பனியன், மேல கம்பளி, அதுக்கும் மேல தண்ணி புகாத ஒண்ணு. இப்படி மூணு அடுக்கு இருந்தா போதும். ஸ்டைலுக்கு ஜீன்ஸை மட்டும் நம்பிப் போகாதீங்க.

ஆனா சோலங் செம! முதல் தடவை பனியில கால் வைக்கிறப்போ 'கறுக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, மாவு மூட்டையை மிதிச்ச மாதிரி. புதுசா விழுந்த பனி பெரும்பாலும் காற்றுதான். பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினா தோராயமா ஒரு சென்டிமீட்டர் தண்ணி கிடைக்கும். சத்தத்தையும் குடிச்சிடும். நாங்க எல்லாரும் கத்தினோம். எதிரொலியே இல்லை. எங்க கொயர் மாஸ்டர் ஜீவனைக் கொடுத்துத் தேடின ரெக்கார்டிங் ஸ்டுடியோ அமைதி அங்க இலவசமா கிடைச்சது!

ஆச்சி வரலை. குளிர்ல மூட்டு வலி, ரூம்லயே இருந்துட்டாங்க. "நாளைக்கு சுரங்கப்பாதைக்கு வாறேன்"ன்னாங்க. அடல் சுரங்கப்பாதை, 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபர்ல திறந்தது. அந்தப் பக்கம் லாஹௌல், வேற உலகம்னு டிரைவர் பயங்கர பில்டப் கொடுத்து வச்சிருந்தாரு.

அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் இறங்கிச்சு. ஏழு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பிச்சது. ஆச்சியைத் தூக்காத குறையா ஜன்னலுக்குக் கூட்டிட்டு வந்தோம். கண்ணாடியில மூக்கை ஒட்ட வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னாங்க. ஒரு வார்த்தை பேசலை. எட்டு மணிக்கு கரண்ட் போச்சு. ஹீட்டர் செத்துடுச்சு.

இந்த இடத்துல இருந்து கொஞ்சம் கவனமா படிங்க.

ஹோட்டல்ல வேலை பார்க்கிற பையன், நம்மளை விடச் சின்னவன், ஒரு இரும்புச் சட்டி நிறைய கரி நெருப்பு கொண்டு வந்து ரூம் நடுவுல வச்சான். அங்கீட்டின்னு சொல்றாங்க. புகையே இல்லை. அழகா சிவப்பா கனன்றுக்கிட்டு இருந்தது. ரூம்ல நாங்க அஞ்சு பேர்: ஆச்சி, அம்மா, சித்தி, ஒன்பதாவது படிக்கிற சித்தி மகள், நான். குளிர் வராம இருக்க ஜன்னல் இடுக்குல துண்டைச் சுருட்டி அடைச்சோம். கதவுக்கு அடியில போர்வை. ஐடியா யாரோடதுன்னு கேக்காதீங்க. என்னோடதுதான். சட்டியைச் சுத்தி உட்கார்ந்து ஜெபம், நாலு பாட்டு, அப்புறம் தூக்கம். உண்மையைச் சொன்னா, டூர்லயே அழகான நேரம் அதுதான்.

பத்தரை இருக்கும். தலைக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. எழுந்தா சித்தி மகள் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா. அம்மா, "உயரமான இடம்லா, அப்படித்தான் இருக்கும்"னாங்க. சித்திக்கும் தலைவலி. ஆச்சியை எழுப்பினேன். "ம்" கொட்டினாங்க, கண்ணைத் திறக்கலை.

கொரோனா காலத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அம்மா பையில இருந்தது. ஆச்சி விரல்ல மாட்டினேன். 97. தங்கச்சிக்கு 98. எனக்கு ஒரே தெம்பு! செகண்ட் இயர் மினி ப்ராஜெக்ட்ல நானே அதைப் பண்ணினவ. அந்தக் கருவி பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். "ஆக்ஸிஜன் நார்மல், தூக்கக் கலக்கம்தான்"னு தீர்ப்பு சொல்லிட்டு, வாந்தி மாத்திரை கேட்க எதிர் ரூமுக்குப் போனேன். அங்க எங்க சபை அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, ஸ்டாஃப் நர்ஸ். வராண்டாவுல நின்னதும் தலைவலி லேசா விட்ட மாதிரி இருந்தது. அதைக்கூட நான் யோசிக்கலை.

அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை பேருக்குத் தலை வலிக்குது?"

"எல்லாருக்கும்க்கா."

"உள்ள என்ன எரியுது?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அக்கா ஓடிட்டாங்க. ஜன்னலைப் படார்னு திறந்தாங்க. பனி உள்ளே அடிச்சது. கதவையும் திறந்து வச்சு, முதல்ல ஆச்சியைப் போர்வையோட வராண்டாவுக்கு இழுத்தோம். நான் ஆக்ஸிமீட்டரை நீட்டி, "அக்கா, 97 இருக்கு"ன்னேன். "அதைத் தூக்கிப் போடு!"ன்னாங்க.

ஏன்னு எனக்கு அப்பத் தெரியலை. ஊருக்கு வந்து படிச்சேன். வெட்கமா இருந்தது. கரி போதுமான ஆக்ஸிஜன் இல்லாம எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. விறகு மாதிரி புகைஞ்சாலாவது கண் எரிஞ்சு எழுந்திருப்போம். ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா பிடிச்சுக்கும். இப்போ ஆக்ஸிமீட்டரைப் பாருங்க. அதுல ரெண்டு எல்.இ.டி. இருக்கு. ஒண்ணு சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். இன்னொண்ணு அகச்சிவப்பு, சுமார் 940. இந்த ரெண்டு வெளிச்சத்தையும் ரத்தம் எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்துத்தான் சதவீதம் சொல்லுது. மோனாக்ஸைடு ஏறின ஹீமோகுளோபினும், ஆக்ஸிஜன் ஏறின ஹீமோகுளோபினும் அந்தச் சிவப்புக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். விஷம் ஏற ஏற 97, 98னு காட்டிக்கிட்டே இருக்கும். வைவாவுல இதை யாரும் கேட்கலை. கேட்டிருந்தா ஃபெயில். நாங்க அந்த நம்பரை நம்பி உட்கார்ந்தது ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன்.

டிரைவர் அண்ணன் டயருக்குச் சங்கிலி மாட்டி வண்டியை எடுத்தாரு. மூணு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். அப்பாவும் மாமாவும் டார்ச்சோட வண்டிக்கு முன்னாடி நடந்தாங்க. ஆஸ்பத்திரியில 'கரி, மூடின ரூம்'ங்கிற ரெண்டு வார்த்தை கேட்டதுமே டாக்டர் ஆச்சிக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டிட்டாரு. சும்மா வெளிக் காற்றை சுவாசிச்சா ரத்தத்துல இருக்கிற மோனாக்ஸைடு பாதியாகக் குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகுமாம். முழு ஆக்ஸிஜன் கொடுத்தா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

விடியக்காலையில ஆச்சி கண்ணைத் திறந்து, "ஏட்டீ, காப்பி கிடைக்குமா?"ன்னாங்க. வார்டுல இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் அழுதேன்.

எல்லாருக்கும் இப்படி ஒரு நர்ஸ் அக்கா எதிர் ரூம்ல இருக்க மாட்டாங்க. 2020 ஜனவரியில கேரளாவுல இருந்து 15 பேர், நண்பர்கள், குடும்பங்கள்னு எங்களை மாதிரியே நேபாளம் போனாங்க. டாமன்ங்கிற மலை ஊர்ல ராத்திரி குளிருக்கு ஒரே ரூம்ல எட்டுப் பேர் கேஸ் ஹீட்டரைப் போட்டுட்டுப் படுத்தாங்க. காலையில எட்டுப் பேரும் உயிரோட இல்லை. அதுல நாலு பேர் குழந்தைங்க. அந்த ரூம் கதவும் ஜன்னலும் உள்ளேயிருந்து பூட்டியிருந்தது.

அந்த ஹோட்டல் பையன் மேல கோபம் வரலையான்னு கேட்டீங்கன்னா, மறுநாள் அவன் முகத்தைப் பார்த்திருக்கணும். "நாங்க தினமும் இதோடதான் தூங்குறோம் தீதி"ன்னான். அவன் கிராமத்து வீடு கல்லும் மரமுமா கட்டினது. இடுக்கு வழியா காற்று வரும். அடுப்புக்குப் புகைபோக்கிக் குழாயும் இருக்கும். நாங்க தங்கினது அலுமினிய ஜன்னல் போட்ட புதுக் கட்டடம். அதுலயும் நான் துண்டை அடைச்சேன். அதே கரி, வேற ரூம். ஆனா ரூம் வாடகை வாங்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அந்தக் கோபம் எனக்கு இருக்கு.

நீங்க மணாலி போங்க, சிம்லா போங்க, ஊட்டி, கொடைக்கானல் போங்க. கேம்ப் ஃபயர், பார்பிக்யூ எல்லாம் வெளியிலதான். மிச்சக் கரி நெருப்பை 'வீணாப் போகுதே'ன்னு ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க. அணைஞ்ச மாதிரி தெரியற கரிக்குத்தான் கண்டிப்பா 'நோ'. குளிர் தாங்கலைன்னா ஒரே போர்வையில மூணு பேர் படுங்க, ரெண்டு ஸ்வெட்டர் போடுங்க. ஒரு ரூம்ல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலியோ வாந்தியோ வந்தா காரணம் தேடாதீங்க, முதல்ல வெளியே வாங்க. பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது. 19 பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு டீ செலவுதான்.

சுரங்கப்பாதைக்கு நாங்க போகலை. ஜீன்ஸ் தம்பிங்க ரெண்டு பேருக்கும் அந்த வருத்தம் இன்னும் தீரலை. பாடகர் பயிற்சிக்கு வந்தா இப்பவும் முணுமுணுப்பு.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆச்சியை வீல்சேர்ல வாசலுக்குக் கொண்டு வந்தோம். ராத்திரி பெய்ததெல்லாம் கைப்பிடிச் சுவர் மேல ஒரு சாண் உயரத்துக்கு அப்படியே இருந்தது, கால் படாத பனி. கையுறையைக் கழற்றிட்டு ஒரு பிடி அள்ளினாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம், நாங்க தடுக்கிறதுக்குள்ள, கொஞ்சம் எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க.

"என்ன ஆச்சி, எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே இல்லட்டீ"ன்னாங்க. "தண்ணிதான்." சொல்லிட்டு இன்னொரு பிடி அள்ளினாங்க.