பொய் பரவும் வழியும் நம் மனப்போக்கும்

ஜனநாயக நாடுகள் பலவற்றில் இக்காலத்து ஓங்கி நிற்பது ஜனரஞ்சக அரசியலாகும். ஒருபால் கள்ளமற்ற குடிமக்கள், மற்றொருபால் அவர்களை வஞ்சிக்கும் மேலோர் கூட்டம், மக்களின் மெய்க்குரலோ தாமே என்று சாதிப்பது இதன் இலக்கணம். இதற்குச் சமூக ஊடகங்கள் பெருந்துணை புரிகின்றன என்பர். குற்றம் யந்திரத்தினது மட்டுந்தானா, நம் மனத்தினதுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதா என்று 2016 ஜூன் 23-ஆம் நாள் குடிகளின் வாக்குக் கேட்கப்பெற்றது. ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுன் அனுப்புகின்றோம், அதனைப் பொது வைத்தியத்துக்குச் செலவிடுவோம் என்னும் கருத்தை விலகற் கட்சியார் சிவப்புப் பேருந்தொன்றின் மேற் பொறித்து ஊரூராய்ச் செலுத்தினர். பிரிட்டனுக்குரிய கழிவு முன்னரே நீக்கப்பட்டமையால் அத்தொகை அனுப்பப்பட்டதேயில்லை. இது மக்களை மயக்குவது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் வாக்கெடுப்புக்கு முன்பே கண்டித்தது. எனினும் பேருந்தின் படம் கைப்பேசிதோறும் உலவிற்று. மறுத்தோரும் அத்தொகையையே எடுத்துக் கூறி மறுத்தனர். விலகற் கட்சி 51.9 சதவீத வாக்குப் பெற்றது. அவ்வொரு வாசகமே வெற்றி தந்ததென்று நாம் கூறோம். ஆயினும், கண்டிக்கப்பட்ட கூற்று மடியாதிருந்தது எங்ஙனம்?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. அமெரிக்க உளநூலார் மூவர் 1977-ல் இதனைச் சோதித்தறிந்தனர். மீண்டும் மீண்டும் கேட்ட கூற்று, மெய்யாயினும் பொய்யாயினும், கேட்போர்க்கு மெய்போலவே தோன்றலாயிற்று. இனி, 1960-ல் பீட்டர் வேசன் என்பார் 2, 4, 6 என்னும் எண்களைக் கொடுத்து, அவற்றின் விதியைக் கண்டறியுமாறு பணித்தார். பலர் தம் ஊகத்துக்கு இசைந்த எண்களையே தேடினர். அதனைப் பொய்ப்பிக்கும் எண்களைத் தேடினர் அல்லர். முன்னரே கொண்ட கொள்கைக்கு ஒத்ததைப் பற்றுவதும் ஒவ்வாததைத் தள்ளுவதும் மனத்தின் இயல்பு. இவ்விரு சோதனைகட்கும் உட்பட்டோர் கல்லாதார் அல்லர். கல்லூரி மாணவரே என்பது நம் சிந்தைக்குரியது.

இவ்வியல்புக்கு ஊடகம் சிறகளிக்கின்றது. அந்நாளில் டுவிட்டர் எனப்பட்ட தளத்தில் 2006 முதல் 2017 வரை சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய செய்திகளை ஆய்ந்த அமெரிக்க அறிஞர் 2018-ல் தம் முடிபை வெளியிட்டனர். மெய்ச்செய்தியினும் பொய்ச்செய்தி பிறரால் மீளப் பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் மிகுதி. அரசியற் பொய்யோ ஏனைய பொய்களினும் விரைந்து சென்றது. தானே இயங்கும் கணக்குகள் மெய்யையும் பொய்யையும் ஏறக்குறைய ஒப்பவே பரப்பின. ஆதலின், பொய்க்கு வேகந் தந்தவை மனிதர் கைகளே.

இனிச் செய்யத்தக்கது யாது? சினத்தையோ களிப்பையோ சட்டென விளைக்கும் செய்தியைக் கண்டவுடன் பிறர்க்கு அனுப்பாது சற்றே நிற்றல் வேண்டும். இதனைக் கூறியவர் யார், சான்று யாது, நாம் வெறுக்கும் கட்சியினர் இதனையே கூறின் நம்புவோமா என்று வினவல் வேண்டும். பொய்யை மறுக்கும்போதும் பொய்யை முன் வையாது மெய்யை முன் வைத்தல் நன்று. வாக்குச்சீட்டில் இடும் குறி ஒரு நொடியில் முடிவது. அதன் பயனோ தலைமுறை கடந்து நிற்பது. அக்குறியை இடும் கை நம்முடையதாயிருப்பது போலவே, அதனை ஏவும் எண்ணமும் நம்முடையதாயிருத்தல் வேண்டும்.