மொனார்க் வண்ணத்துப்பூச்சி

மொனார்க் வண்ணத்துப்பூச்சி என்பது வரியன்கள் குடும்பத்தைச் சேர்ந்த, வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் வண்ணத்துப்பூச்சி இனமாகும். இதன் அறிவியற் பெயர் டனாயஸ் பிளெக்சிப்பஸ். செம்மஞ்சள் நிற இறக்கைகளில் கறுப்பு நரம்புகளும், கறுப்பு ஓரங்களில் வெண்புள்ளிகளும் அமைந்துள்ளன. விரிந்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 10 செ.மீ. ஆகும். கனடாவிலிருந்து மெக்சிக்கோ வரை இது மேற்கொள்ளும் வலசை, பூச்சிகளின் வலசைகளுள் மிகவும் ஆராயப்பட்ட ஒன்றாகும்.

வாழ்க்கை வட்டம்

பெண் பூச்சி அஸ்கிளேப்பியஸ் பேரினச் செடிகளின் இலைகளில் முட்டையிடுகின்றது. இச்செடிகள் எருக்கின் உறவினங்கள். முறித்தால் எருக்கைப் போலவே பால் வடியும். (தமிழகத்தில் எருக்கிலையை உண்டு வளரும் வெந்தய வரியன், மொனார்க்கின் நெருங்கிய உறவினமாகும்.) முட்டை ஏறத்தாழ நான்கு நாட்களில் பொரிக்கின்றது. புழு இரு வாரங்கள் உண்டு, நான்கு முறை தோலுரித்துக் கூட்டுப்புழுவாகின்றது. மேலும் இரு வாரங்களுக்குள் வண்ணத்துப்பூச்சி வெளிவருகின்றது. கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழ்கின்றன. இலையுதிர் காலத் தொடக்கத்தில் வெளிவருபவையோ இனப்பெருக்கத்தைத் தள்ளிவைத்து, எட்டு மாதங்கள் வரை வாழக்கூடியவை.

நஞ்சும் தற்காப்பும்

புழுக்கள் செடியின் பாலிலுள்ள கார்டினோலைடு எனப்படும் இதய நஞ்சைத் தம் உடலில் சேமிக்கின்றன. 1960களில் லிங்கன் பிரவரும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய பூச்சிகளை நீல ஜே பறவைகளுக்கு உணவாக அளித்தனர். உண்ட பறவைகள் வாந்தியெடுத்தன; பின்னர் அந்நிறப் பூச்சிகளைத் தவிர்த்தன. முட்டைக்கோசு தந்து வளர்க்கப்பட்ட மொனார்க்குகளில் நஞ்சு இருக்கவில்லை. எனவே நஞ்சு உணவிலிருந்தே வருகின்றது என்பது உறுதியாயிற்று.

இந்நஞ்சு உயிரணுக்களின் சோடியம்-பொட்டாசியம் எக்கியைத் தாக்குவது. மொனார்க்கில் அவ்வெக்கியின் அமைப்பு சிறிது மாறியிருப்பதால் நஞ்சு அதனைப் பற்றுவதில்லை. அம்மாற்றங்கள் மூன்றையும் பழ ஈயின் மரபணுவில் புகுத்தியபோது, ஈக்களும் நஞ்சைத் தாங்கின என 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது.

வலசை

ராக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள மொனார்க்குகள் இலையுதிர் காலத்தில் 4,000 கி.மீ. வரை பறந்து, நடு மெக்சிக்கோவில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள ஒயாமெல் ஊசியிலைக் காடுகளை அடைகின்றன. மேற்கே வாழ்பவை பெரும்பாலும் கலிபோர்னியக் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மெக்சிக்கோவிலிருந்து மார்ச்சு மாதத்தில் வடக்கே புறப்படுபவை டெக்சாசு போன்ற தென் மாநிலங்களில் முட்டையிட்டு இறந்துவிடுகின்றன. வடக்கு நோக்கிய பயணத்தை அடுத்தடுத்த தலைமுறைகள் நிறைவுசெய்கின்றன. ஆகவே, இலையுதிர் காலத்தில் தெற்கே பறப்பவை அக்காட்டை முன்னர் கண்டவை அல்ல. வழிகாட்டும் மூத்த பூச்சிகளும் அவற்றுக்கு இல்லை.

கனடாவின் விலங்கியலாளர் பிரெட் அர்க்கார்ட், அவருடைய மனைவி நோரா ஆகியோர் இறக்கைகளில் சிறு காகிதச் சீட்டுகளை ஒட்டி இப்பயணத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தனர். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இதற்கு உதவினர். 1975 சனவரியில் கென் புரூகர், கத்தலீனா அகுவாதோ ஆகியோர் குளிர்கால இருப்பிடத்தைக் கண்டறிந்தனர். அப்பகுதி மக்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். அடுத்த ஆண்டு அங்கு சென்ற அர்க்கார்ட், மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட பூச்சி ஒன்றை அங்கே கண்டார்.

திசையறிதல்

மொனார்க் சூரியனின் நிலையைக் கொண்டு திசையறிகின்றது. சூரியன் நாள் முழுவதும் இடம் மாறுவதால், அதனை ஈடுசெய்ய உடலில் கடிகாரம் ஒன்று தேவை. அக்கடிகாரம் உணர்கொம்புகளில் உள்ளது என்பதை 2009 இல் இசுட்டீவன் ரெப்பர்ட் குழுவினர் காட்டினர். உணர்கொம்புகள் அகற்றப்பட்ட பூச்சிகள் பறந்தபோதிலும், ஒருமித்துத் தெற்கு நோக்கவில்லை. திரும்பும் திசையைக் குளிரே மாற்றுகின்றது என்பது 2013 இல் தெரியவந்தது: குளிரூட்டப்பட்டவை வடக்கு நோக்கின, குளிர் படாதவை வசந்த காலத்திலும் தெற்கையே நோக்கின. புவிக் காந்தப்புலத்தையும் இவை உணர்கின்றன என 2014 ஆய்வு கூறுகின்றது.

எண்ணிக்கை வீழ்ச்சி

குளிர்காலப் பூச்சிகளை எண்ண இயலாமையால், அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பு அளக்கப்படுகின்றது. மெக்சிக்கோவில் 1996-97 இல் ஏறத்தாழ 18 எக்டேராக இருந்த இப்பரப்பு 2013-14 இல் 0.67 எக்டேராகக் குறைந்தது. 2023-24 இல் 0.9, 2024-25 இல் 1.79 எக்டேர் என அளக்கப்பட்டது.

களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் பரவியதால் வயல்களிலிருந்த அஸ்கிளேப்பியஸ் செடிகள் அழிந்தமையே முதன்மைக் காரணம் என ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகின்றனர். வலசை வழியில் ஏற்படும் இழப்புகளை மற்றொரு சாரார் முன்வைக்கின்றனர். காடழிப்பு, காலநிலை மாற்றம் ஆகியனவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மரங்களின் நிழல் குறைந்தால் பூச்சிகள் மழையில் நனையும். நனைந்தவை உறைபனியில் எளிதில் மடிகின்றன.

மெக்சிக்கோவின் மொனார்க் உயிர்க்கோளக் காப்பகம் 2008 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இனம் முழுமையாக அழியும் நிலையில் இல்லை. ஆத்திரேலியா உள்ளிட்ட வேறு நாடுகளிலும் இது வாழ்கின்றது. அழியும் இடருக்கு உள்ளாகியிருப்பது வட அமெரிக்காவின் நெடுந்தொலைவு வலசையே ஆகும்.